20 மி.மீ நீராவி என்ஜின்: போர் (சிலிண்டர் துளை) ஒரு பக்கம் அகலம், எக்ஸாஸ்ட்டில் ஓயாத கசிவு, கீழே வரும்போது இறுக்கம்

சின்னப்பட்டறை எழுதியது:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நெட்டுக்குத்தாக நிற்கும் ஒற்றை சிலிண்டர் என்ஜின், இரு பக்கமும் நீராவி தள்ளும் வகை, ஸ்லைடு வால்வு (தட்டை முகத்தில் சறுக்கி நீராவி வழிகளை மூடித் திறப்பது). ஸ்டூவர்ட் 10வி என்ஜினில் போர், ஸ்ட்ரோக் இரண்டும் முக்கால் அங்குலம். அதையே மனசில் வைத்து மெட்ரிக்கில் 20 × 20 என்று வரைந்தேன். வார்ப்பு கிட் வாங்கவில்லை, எல்லாம் பாரில் இருந்து கடைந்தது.

சிலிண்டர்: 45 மி.மீ வார்ப்பிரும்பு உருட்டுக் கம்பி, நீளம் 36. பிஸ்டன்: அலுமினியம், 9 மி.மீ தடிமன், ரிங் இல்லை, இரண்டு எண்ணெய்க் காடி மட்டும், விட்டம் 19.95. ராடு: 4 மி.மீ ஸ்டெயின்லெஸ். வால்வு: கன்மெட்டல். லேத் 7 × 14 மினி லேத், த்ரீ ஜா சக்கில் பிடித்து 10 மி.மீ போரிங் பாரில் போர் எடுத்தேன். மில்லிங்குக்குச் சின்ன பெஞ்ச் மில் இருக்கிறது.

இப்போது நிலைமை:

போர் மேல் பக்கம் 20.03, கீழ்ப் பக்கம் 19.99. டெலஸ்கோப்பிக் கேஜ் வைத்து எந்தத் திசையில் அளந்தாலும் அந்தந்த உயரத்தில் ஒரே அளவுதான் வருகிறது, அதனால் வட்டம் சரி என்று நினைக்கிறேன்.

கம்ப்ரசரில் 2 பார் காற்றுக் கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் பிஸ்டன் கீழ்க்கடைசிக்கு வரும்போது ஒவ்வொரு சுற்றிலும் இறுகுகிறது. எக்ஸாஸ்ட்டில் 'ஸ்ஸ்' என்று ஓயாமல் காற்று போகிறது, கிராங்கை எங்கே நிறுத்தினாலும் நிற்பதில்லை.

போர்ட் (வால்வு முகத்தில் நீராவி போய்வரும் வாய்) வெட்டும்போது 2 மி.மீ எண்ட் மில் இரண்டு உடைந்துவிட்டது. மேல் போர்ட்டின் ஓரம் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது.

சிலிண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வதா, இதையே சரிப்படுத்த முடியுமா? பிஸ்டனுக்கு ஓ-ரிங் போடலாமா, வார்ப்பிரும்பு ரிங்தான் போட வேண்டுமா? கடைசியில் நீராவியில்தான் ஓட்ட வேண்டும் என்பது ஆசை.

கடைசல்_கோவை எழுதியது:

தம்பி, சிலிண்டரைத் தூக்கிப் போட வேண்டாம். 20.03-ஐ 20.30 ஆக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை, பிஸ்டனை நீங்கள்தானே கடையப் போகிறீர்கள். போர் வட்டமாக இருக்கணும், இணையாக இருக்கணும், கீழ் முகத்துக்குச் செங்குத்தாக இருக்கணும். அந்த மூன்றும் இருந்தால் விட்டம் எவ்வளவு என்பது பிஸ்டனின் கவலை.

ஆனால் முதலில் எது எங்கே தப்பு என்று பிரித்துப் பாருங்கள். மூன்று கோளாறு ஒன்றாகச் சேர்ந்து நிற்கிறது, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

போரில் இருந்து தொடங்குகிறேன். 'பார் உள்ளே போகப் போக வளைகிறது, அதனால்தான் சரிவு' என்று பலரும் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், பார் டூல் போஸ்டில் பிடித்த இடத்தில் இருந்து டூல் முனை வரைக்கும் உள்ள நீளம் கட்டு (வெட்டு) முழுவதும் மாறவே இல்லை. டூல் போஸ்டைத் தாங்கும் கேரேஜ்தானே நகர்கிறது. அதனால் வளைவும் கடைசி வரைக்கும் ஒரே மாதிரிதான். வாய்ப் பக்கம் ஓரிரு மில்லி மீட்டருக்கு மணி மாதிரி விரிந்திருந்தால் அது வேறு, டூல் மேல் சுமை ஏறுவதற்கு முன்னால் வருவது. முழு நீளத்துக்கும் சீரான சரிவு என்றால் காரணம் இரண்டில் ஒன்று: ஹெட்ஸ்டாக் (சக் சுழலும் தலைப்பகுதி) படுக்கைக்கு இணையாக இல்லை, அல்லது டூல் முனை போகும் வழியிலேயே தேய்கிறது.

இதைக் கண்டுபிடிக்க 25 மி.மீ பார் ஒன்றைச் சக்கில் 100 மி.மீ வெளியே நீட்டிப் பிடியுங்கள். டெயில்ஸ்டாக் சென்டர் கொடுக்கக் கூடாது. நடுவில் இறக்கிவிட்டு இரண்டு முனையிலும் 10 மி.மீ அகலத்துக்கு வளையம் மாதிரி விடுங்கள், 80 மி.மீ இடைவெளி இருக்கட்டும். கூரான டூலில் 0.05 கட்டு, கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுத்து மைக்ரோமீட்டரில் பாருங்கள். உங்கள் போரில் 36 மி.மீ-க்கு 0.04 சரிவு. ஹெட்ஸ்டாக்தான் காரணம் என்றால் இந்தப் பாரில் 80 மி.மீ-க்கு 0.09 பக்கம் வித்தியாசம் காட்டும். 0.01, 0.02-தான் வருகிறது என்றால் ஹெட்ஸ்டாக் மேல் பழி இல்லை, டூல்தான்.

டூல் என்றால் தீர்வு சுலபம். ஹெச்.எஸ்.எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) முனையைக் கல்லில் தீட்டி மூக்கு வளைவு 0.2 முதல் 0.4 வைத்துக்கொள்ளுங்கள். 20 மி.மீ விட்டத்துக்கு 300 சுற்று போதும், அது நிமிடத்துக்கு 20 மீட்டர் பக்கம் வரும். ஃபீட் சுற்றுக்கு 0.05. வார்ப்பிரும்புக்குக் கூலண்ட் வேண்டாம், வறண்டே வெட்டுங்கள். 10 மி.மீ பாரைக் கழற்றிவிட்டு 14 மி.மீ போடுங்கள், நுழையக்கூடிய அளவில் தடித்ததாக எது இருக்கிறதோ அதுதான் சரி. கடைசியில் கிராஸ் ஸ்லைடை நகர்த்தாமல் மூன்று நான்கு வெற்று ஓட்டம் விடுங்கள். முதல் வெற்று ஓட்டத்தில் பவுடர் கொட்டும், மூன்றாவதில் ஒன்றும் விழாது. அப்போதுதான் அளக்கணும்.

படுக்கை மேல் காகிதம் விரிக்க மறக்காதீர்கள். வார்ப்பிரும்புத் தூள் எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்யும்.

அடுத்தது வட்டம். எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே அளவு வருகிறது, அதனால் வட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் ஏமாறுகிறோம். த்ரீ ஜா சக் இறுக்கிப் பிடித்தபோது போர் எடுத்தால், சக்கைத் தளர்த்தியதும் போர் மூன்று புடைப்பு உள்ள வடிவத்துக்கு வரும். அந்த வடிவத்தில் ஒரு பக்கம் புடைப்பு என்றால் அதற்கு நேர் எதிரே பள்ளம். இரண்டு முனை வைத்து அளக்கும் எந்தக் கருவியும் அதைக் காட்டாது, எல்லாத் திசையிலும் ஒரே எண்தான் வரும். உங்கள் சுவர் தடிமனானது, அதனால் 0.01-க்குள்தான் இருக்கும். சுவர் 4, 5 மி.மீ உள்ள சிலிண்டர் என்றால் பிஸ்டன் அதில் உட்காராது.

பார்ப்பதற்கு வழி: பித்தளையில் ஒரு பிளக் கடையுங்கள், போரைவிட 0.01 குறைவாக, 15 மி.மீ நீளம். அதன் மேல் மார்க்கிங் ப்ளூவை விரலால் துடைத்தெடுத்த அளவுக்கு மெல்லிசாகத் தடவி, போருக்குள் விட்டுக் கால் சுற்று திருப்பி எடுங்கள். போருக்குள் நீலம் சுற்றிலும் மங்கலாகப் படிந்தால் நல்லது. மூன்று கோடாக, சக் ஜா இருந்த இடங்களுக்கு நடுவிலோ நேராகவோ படிந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

மறுபடி எடுக்கும்போது ஃபோர் ஜா சக்கில் பிடியுங்கள், ஜாவுக்கு அடியில் அலுமினியத் தகடு கொடுத்து, டயல் இண்டிகேட்டரில் போரையே பார்த்து 0.01-க்குள் நடுவாக்குங்கள். ரஃப் ஓட்டம் முடிந்ததும் ஜாக்களைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி மிதமாக இறுக்கி, டயலைத் திரும்பப் பார்த்துவிட்டுக் கடைசிக் கட்டு. அதே பிடியில் கீழ் முகத்தையும் ஃபேசிங் செய்துவிடுங்கள். கழற்றியபின் ஃபேசிங் செய்தால் செங்குத்து போச்சு. மேல் முகத்துக்கு மட்டும் மாண்ட்ரல்: சக்கில் ஒரு எம்.எஸ் (மைல்ட் ஸ்டீல்) துண்டைப் பிடித்து 50 மி.மீ-க்கு 0.02 சரிவு வருகிற மாதிரி கடைந்து, கழற்றாமல் அதன் மேலேயே சிலிண்டரை மரச்சுத்தியால் தட்டி ஏற்றி எடுங்கள்.

ஹெட்ஸ்டாக்தான் கோணல் என்று தெரிந்தால், அதைச் சரிப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு சென்டருக்கு நடுவில் பாரைச் சுற்றவிட்டு, சிலிண்டரைக் கேரேஜில் கட்டிப் போர் எடுங்கள். டூல் முனை பாரின் மையத்தில் இருந்து ஒரே தூரத்தில் சுற்றுகிறது, வேலைத்துண்டுதான் நகர்கிறது. அதனால் சரிவு வர வழியே இல்லை. பார் படுக்கைக்குக் கொஞ்சம் கோணலாக இருந்தால்கூட போர் மிக மெல்லிய நீள்வட்டமாகுமே தவிர, இரு முனையும் ஒரே அளவுதான். 12 மி.மீ சில்வர் ஸ்டீல், 120 மி.மீ நீளம், நடுவில் 4 மி.மீ சதுர ஹெச்.எஸ்.எஸ் பிட், பின்னால் தள்ள ஒரு கிரப் ஸ்குரூ, பக்கத்தில் இறுக்க இன்னொன்று. மினி லேத்தில் கிராஸ் ஸ்லைடில் டி-ஸ்லாட் கிடையாது, காம்பவுண்டைக் கழற்றிவிட்டு அதே போல்ட் துளைகளில் 12 மி.மீ தகடு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அளவு வைப்பது எப்படி என்றால், பாரின் முதுகில் இருந்து டூல் முனை வரைக்கும் மைக்ரோமீட்டரில் பாருங்கள். அதை இரண்டால் பெருக்கி, பார் விட்டத்தைக் கழித்தால் போர். 12 மி.மீ பாரில் 16.00 காட்டினால் போர் 20.00. 16.10 வைத்தால் 20.20. உங்களுக்கு 20.20 போதும் என்று நினைக்கிறேன், சரிவும் புடைப்பும் போய்விடும்.

வால்வுமுகம் எழுதியது:

கசிவைப் பற்றி நான் சொல்கிறேன். போரில் 0.04 சரிவு இருந்தால் காற்றுக் கொஞ்சம் தாண்டிப் போகும், வாஸ்தவம். ஆனால் 'கிராங்கை எங்கே நிறுத்தினாலும் நிற்பதில்லை' என்ற வரியைப் பார்த்தால் எனக்கு வால்வு மேல்தான் சந்தேகம்.

வால்வை நடு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அப்போது இரண்டு ஸ்டீம் போர்ட்டும் மூடியிருக்கணும், பிஸ்டனுக்குக் காற்றுப் போகவே வழியில்லை. அந்த நிலையில் எக்ஸாஸ்ட்டில் காற்று வந்தால் வால்வு முகம் உட்காரவில்லை, பிஸ்டனுக்கு அதில் பங்கே கிடையாது. பிறகு வால்வைத் திறந்த நிலையில் வைத்துக் கிராங்கைக் குறட்டில் பிடித்து நிறுத்திக் காற்றுக் கொடுங்கள். இப்போது வருவதில்தான் பிஸ்டன் கசிவும் சேர்ந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பிஸ்டனின் பங்கு.

வால்வு உட்காராததற்கு நான் முதலில் பார்ப்பது ஸ்பிண்டில் (வால்வை நகர்த்தும் கம்பி) நட்டு. வால்வின் முதுகில் வெட்டிய காடியில் அந்த நட்டு மேலும் கீழும் ஆடாமல், அதே நேரம் முகத்தை நோக்கி முன்னும் பின்னும் தாராளமாக நகரணும். ஸ்ட்ரோக் திசையில் 0.05 விளையாட்டு போதும். முகத்தை நோக்கிய திசையில் 0.5 மி.மீ-யாவது வேண்டும். ஸ்லைடு வால்வை முகத்தில் அழுத்துவது செஸ்டில் (வால்வு இருக்கும் பெட்டி) உள்ள நீராவிதான், ஸ்பிண்டில் இல்லை. நட்டு இறுகலாக இருந்தால் ஸ்பிண்டில் எந்த உயரத்தில் போகிறதோ அந்த உயரத்திலேயே வால்வு தொங்கும், முகத்துக்கும் வால்வுக்கும் நடுவில் காகிதம் நுழைகிற அளவு சந்து இருந்தாலும் வெளியே தெரியாது. செஸ்ட் மூடியைக் கழற்றி வால்வை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். 'டக்' என்று முகத்தில் மோதும் மெல்லிய அசைவு விரலுக்குத் தெரியணும்.

அது சரியாக இருந்தால் அடுத்தது முகம். கண்ணாடிப் பலகை மேல் 1000 நம்பர் நீர்த்தாளை மண்ணெண்ணெய் தொட்டு ஒட்டி, வால்வை எட்டு போடுகிற மாதிரி தேயுங்கள். சிலிண்டர் முகத்தையும் அப்படியே. இரண்டையும் ஒன்றோடு ஒன்று பேஸ்ட் போட்டுத் தேய்க்க வேண்டாம், கன்மெட்டலில் துகள் புதைந்து முகத்தைத் தின்றுகொண்டே இருக்கும்.

பெயர்ந்த ஓரம் எவ்வளவு என்று பாருங்கள். 0.2 மி.மீ-க்குள் என்றால் முகத்தை 0.3 இறக்கி மில்லிங் செய்துவிட்டால் போய்விடும். ஸ்பிண்டில் கிளாண்ட் (கம்பி வெளிவரும் துளையில் கசிவைத் தடுக்கும் பகுதி) உயரம் மாறும் என்று பயப்பட வேண்டாம், வால்வு முதுகில் உள்ள விளையாட்டு அதை ஏற்றுக்கொள்ளும்.

2 மி.மீ கட்டர் உடைவதற்குப் பெரும்பாலும் அதைப் பிடித்திருக்கும் விதம்தான் காரணம். ட்ரில் சக்கில் பிடித்தால் ஆட்டம் 0.05, 0.08 வரும். 2 மி.மீ கட்டரில் இரண்டு பல், அந்த ஆட்டத்தில் ஒரு பல் மட்டுமே வெட்டும், இரட்டைச் சுமை. ஈஆர் காலட்டில் (கட்டரைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் குழல்) பிடியுங்கள். சின்ன மில்லில் கார்பைடைவிட ஹெச்.எஸ்.எஸ் ஸ்லாட் ட்ரில் தாக்குப்பிடிக்கும், கார்பைடு அதிர்வைப் பொறுக்காது.

மில்லிங்குக்கு முன்னாலேயே பொருளைத் துளை போட்டு எடுத்துவிடுங்கள். போர்ட் 8 மி.மீ நீளம் 2 மி.மீ அகலம் என்றால் ஒரு ஓரத்தில் இருந்து 1, 3, 5, 7 மி.மீ-ல் நான்கு துளை, 1.8 ட்ரில், ஆழம் 3.3. பிறகு கட்டர் 2500 சுற்றில், ஒரு ஓட்டத்துக்கு 0.2 இறக்கி, மொத்தம் 3.5. நகராத மேசை அச்சைப் பூட்டிவிடுங்கள். ஒரு போர்ட்டில் இருந்து அடுத்ததற்குப் போகும்போது டயலை ஒரே திசையில் மட்டும் திருப்பணும், தாண்டிப் போய்விட்டால் ஒரு முழுச் சுற்றுப் பின்னால் வந்து மறுபடி. ஸ்க்ரூவின் விளையாட்டு 0.1 இருந்தாலே நம் வால்வின் கணக்குக் கெட்டுவிடும்.

போர்ட்டில் இருந்து சிலிண்டர் முனைக்குப் போகும் வழி பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 1.5 மி.மீ-ல் ஒரு முனைக்கு மூன்று துளை வேண்டும். 600 சுற்றில் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 0.4 மீட்டர் போகிறது, மூன்று துளை என்றால் நீராவி வேகம் 24 மீட்டர் பக்கம். ஒரே துளையில் விட்டிருந்தால் 70-க்கு மேல் போய்விடும், என்ஜின் மூச்சு முட்டின மாதிரி ஓடும். இன்னொன்று, மூடியின் உள்வட்டப் புடைப்பு அந்தத் துளை வாயை மூடிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் மட்டும் அரத்தால் புடைப்பைத் தட்டையாக்குங்கள். கேஸ்கட்டையும் அங்கே வெட்டிவிடுங்கள். மூடி போட்டதும் என்ஜின் ஒரு பக்கம் மட்டும் தள்ளுகிறது என்றால் பத்தில் எட்டு தடவை இதுதான்.

சின்னப்பட்டறை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா. சோதித்துப் பார்த்ததில்:

டெஸ்ட் பார் 80 மி.மீ-க்கு 0.015 வித்தியாசம். அப்படியென்றால் டூல்தான். பிளக்கில் நீலம் மூன்று கோடாகத்தான் படிந்தது, மெல்லிசு என்றாலும் தெளிவாகத் தெரிகிறது.

வால்வு நடு நிலையில் எக்ஸாஸ்ட்டில் காற்று வேகமாக வந்தது. மூடியைக் கழற்றி வால்வை விரலால் அசைத்தால் அசையவே இல்லை, நட்டு காடிக்குள் இறுகலாக இருந்தது. காடியை ஆழமாக்கியதும் முக்கால்வாசிக் கசிவு நின்றுவிட்டது!

இப்போது கீழ்க்கடைசி இறுக்கம், பிஸ்டன் ரிங், வால்வு டைமிங் மூன்றும் பாக்கி. என் வால்வு அளவு: ஸ்டீம் போர்ட் 2, நடுப் பட்டை 2, எக்ஸாஸ்ட் போர்ட் 3. வால்வு வெளி நீளம் 12, உள்குழி 7. எக்ஸென்ட்ரிக் (ஷாஃப்டோடு சுற்றி வால்வை ஓட்டும் வட்டு) மையம் 2 மி.மீ தள்ளி. கீழ் மூடியின் கிளாண்ட் துளை ட்ரில் பிரஸ்ஸில் போட்டது.

பழைய_டர்னர் எழுதியது:

கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது தம்பி. கிளாண்ட் துளையைத் தனியாக ட்ரில் பிரஸ்ஸில் போட்டால் அது போரின் மையத்தில் இருக்க வாய்ப்பில்லை.

இறுக்கம் எந்த இடத்தில் வருகிறது என்பதை வைத்தே காரணம் சொல்லிவிடலாம். பிஸ்டன் கீழே வரும்போது பிஸ்டனுக்கும் கிளாண்டுக்கும் தூரம் மிகக் குறைவு. ராடு வளைந்து கொடுக்க இடமில்லை, அதனால் கிளாண்ட் போருக்கு நடுவில் இல்லை என்றால் அங்கேதான் பிடிக்கும். மேலே போகும்போது இறுகினால் கிராஸ்ஹெட் (பிஸ்டன் ராடும் கனெக்டிங் ராடும் சேரும் கட்டை) கிளாண்டுக்குப் பக்கத்தில் வந்திருக்கும், அப்போது கைடும் கிளாண்டும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். நடு ஸ்ட்ரோக்கில் இறுகினால் கனெக்டிங் ராடு முறுக்கியிருக்கிறது, அல்லது கிராங்க் பின் ஷாஃப்டுக்கு இணையாக இல்லை. உறுதிப்படுத்த, கிளாண்ட் பேக்கிங்கை எடுத்துவிட்டு, கனெக்டிங் ராடின் பெரிய முனையைக் கழற்றி, கையால் ராடை மேலும் கீழும் நகர்த்துங்கள். அப்போதும் கீழே பிடித்தால் கிராங்குக்குச் சம்பந்தமில்லை.

கீழ் மூடியைப் புதிதாகச் செய்யுங்கள், சின்ன வேலைதான். பாரைச் சக்கில் பிடித்து, முகம், உள்வட்டப் புடைப்பு, ராடு துளை மூன்றையும் ஒரே பிடியில் எடுக்கணும். புடைப்பு போரைவிட 0.01 குறைவு. ராடு துளைக்கு முதலில் சென்டர் ட்ரில், பிறகு 3.5 ட்ரில், பிறகு சின்ன போரிங் டூலில் 3.9, கடைசியில் 4 மி.மீ ரீமர். ட்ரில் போன வழியிலேயே ரீமர் போகும், அதனால்தான் நடுவில் போரிங். அதற்குப்பின் வெட்டி எடுத்து, திருப்பி, புடைப்பைக் காலட்டிலோ புதிதாகக் கடைந்த குழியிலோ பிடித்துக் கிளாண்ட் பக்கம்.

பூட்டும்போது 20.20 விட்டமும் முன்னால் 4 மி.மீ மூக்கும் உள்ள ஒரு கம்பியை ஒரே பிடியில் கடைந்துகொள்ளுங்கள். அதைச் சிலிண்டர் வழியாக விட்டு, மூக்கு கிளாண்டைத் தாண்டிக் கிராஸ்ஹெட் வரை போக, அது கைக்கு லேசாகச் சுற்றும்போது போல்ட்டுகளை இறுக்குங்கள். போல்ட் துளை 0.3 பெரிதாக இருந்தால்தான் நகர்த்த இடமிருக்கும்.

பிஸ்டன். அலுமினியம் வேண்டாம். 2 பாரில் நீராவி வெப்பம் 134 டிகிரி பக்கம். அறை வெப்பத்தில் இருந்து நூறு டிகிரி ஏறினால் 20 மி.மீ அலுமினியம் வார்ப்பிரும்பைவிட 0.025 கூடுதலாக விரியும், பித்தளை 0.017. உங்கள் 19.95 பிஸ்டனுக்குக் கீழ்ப் பக்கம் 0.04 இடம் இருந்தது, சூட்டில் 0.015-தான் மிஞ்சும், அதுவும் சிலிண்டர் சுவர் சூடாகாத முதல் நிமிடத்தில் இன்னும் குறையும். காற்றில் அருமையாக ஓடி நீராவியில் சிக்கிக்கொள்ளும் என்ஜின்கள் இப்படித்தான் சிக்குகின்றன. வார்ப்பிரும்புப் பிஸ்டன் போடுங்கள், ரிங்கோடு 0.05 இடைவெளி. ராடில் திருகி இறுக்கியபின், ராடைக் காலட்டில் பிடித்துத்தான் வெளி விட்டத்தின் கடைசிக் கட்டு.

ரிங்குக்கு நான் வார்ப்பிரும்புதான் சொல்வேன். பழைய லாரி லைனர் துண்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நெருக்கமான நல்ல வார்ப்பு. வெளி விட்டம் போர் அளவுக்கே, 20.20. சுவர் 0.85, அகலம் 1.5. காடி அகலம் ரிங்கைவிட 0.02 கூடுதல், ஆழம் 0.95. வெட்டி எடுத்து, இரு பக்கமும் தாளில் தேய்த்துப் பிசிறு எடுங்கள். ஒரு இடத்தில் ரம்பத்தால் அறுக்காதீர்கள், இரண்டு கூர் முனைக்கு நடுவில் வைத்து ஒடியுங்கள். முறிந்த முனைகளை ஊசி அரத்தால் லேசாகத் தொட்டு, போருக்குள் வைத்துப் பார்க்கும்போது 0.1 சந்து வருகிற மாதிரி. பிறகு அந்தச் சந்தில் 3 மி.மீ கம்பியைச் செருகி விரித்து, மங்கலான சிவப்புக்குச் சூடாக்குங்கள். ரிங் தளர்ந்து கம்பி தானாக லூசானால் அதன் விறைப்பு அந்த நிலைக்கு மாறிவிட்டது. மெதுவாக ஆறவிடுங்கள். நான்கு செய்தால் இரண்டு தேறும், அதனால் ஆறு வெட்டி வையுங்கள்.

வால்வுமுகம் எழுதியது:

ரிங் விஷயத்தில் டர்னர் அண்ணனோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். முதல் என்ஜினுக்கு ஓ-ரிங் தவறே இல்லை, ஆனால் இரண்டு நிபந்தனை. வைட்டான் ரப்பர் மட்டும். நைட்ரைல் இந்தச் சூட்டில் கொஞ்ச நாளில் கல்லாகிவிடும். ஈபிடிஎம் நீராவியைத் தாங்கும், சிலிண்டர் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். அடுத்து, கடையில் தரும் காடி அளவு அசையாத மூட்டுக்கானது, அதை அப்படியே வெட்டினால் பிஸ்டன் கையால் தள்ளினாலும் நகராது. 16 × 2 ஓ-ரிங், 20.00 போர் என்றால் காடியின் அடி விட்டம் 16.15 வையுங்கள், அழுத்தம் 0.08-தான் வரும். அகலம் 2.5. போரை 20.20 ஆக்கினால் அடி விட்டமும் 16.35. போரில் ஸ்டீம் வழித் துளையின் விளிம்பு ஓ-ரிங்கைத் தொடக் கூடாது, தொட்டால் ஒரே நாளில் சீவிவிடும்.

ஓ-ரிங் போடுவதானால் போர் பளபளப்பாக வேண்டும். வார்ப்பிரும்பு ரிங் போட்டால் டூல் விட்ட மெல்லிய கோடு இருக்கலாம், எண்ணெய் தங்கும்.

டைமிங்குக்கு வருகிறேன். உங்கள் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. போர்ட்டுகளின் வெளி ஓரம் முதல் வெளி ஓரம் 11, வால்வு 12, ஆக லேப் (நடு நிலையில் வால்வு போர்ட்டைத் தாண்டி மூடும் அளவு) பக்கத்துக்கு 0.5. உள்குழி 7, அதாவது எக்ஸாஸ்ட் போர்ட்டும் இரண்டு பட்டையும் சேர்ந்த அளவே, சரி. 2 மி.மீ எக்ஸென்ட்ரிக்கில் வால்வு நடுவில் இருந்து 2 நகரும், அதில் லேப் போக ஸ்டீம் போர்ட் 1.5 திறக்கும். மறுபக்கம் எக்ஸாஸ்ட்டுக்கு முழு 2-ம் திறக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை.

லீட் (பிஸ்டன் கடைசியில் நிற்கும்போதே போர்ட் திறந்திருக்கும் அளவு) 0.1 வைத்தால், எக்ஸென்ட்ரிக் கிராங்குக்கு 90 டிகிரியோடு இன்னும் 17.5 டிகிரி முன்னால் நிற்கணும், ஓடும் திசையில். ஸ்ட்ரோக்கில் 92 விழுக்காடு வந்ததும் நீராவி நிற்கும். 90 டிகிரியில் வைத்துவிட்டு ஏன் தொடங்க மறுக்கிறது என்று பலர் தேடுகிறார்கள். லேப் உள்ள வால்வை 90-ல் வைத்தால் பிஸ்டன் திரும்பிப் பல டிகிரி போனபிறகுதான் போர்ட் திறக்கும்.

வைக்கும் வரிசை முக்கியம். முதலில் ஸ்பிண்டில் நீளம், பிறகு கோணம். எக்ஸென்ட்ரிக்கை ஷாஃப்டில் இறுக்காமல் கையால் முழுச் சுற்றுச் சுற்றி, மேல் போர்ட் அதிகபட்சம் எவ்வளவு திறக்கிறது, கீழ் போர்ட் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் 1.5 ஆகும் வரை ஸ்பிண்டில் நட்டைத் திருகுங்கள். எம்3 மரை என்றால் ஒரு சுற்றுக்கு 0.5, அரைச் சுற்றுக்கு 0.25. அது சமமானபிறகு கிராங்கை மேல்கடைசியில் நிறுத்தி, எக்ஸென்ட்ரிக்கை ஓடும் திசையில் திருப்பிக்கொண்டே போய், மேல் போர்ட் 0.1 ஃபீலர் நுழைகிற அளவு திறந்ததும் இறுக்குங்கள். கீழ்க்கடைசியில் கீழ் போர்ட்டும் அதே 0.1 காட்டணும். ஒன்று 0.2, மற்றது 0 என்றால் ஸ்பிண்டில்தான் 0.1 தள்ளியிருக்கிறது, எக்ஸென்ட்ரிக்கைத் தொடாதீர்கள்.

மேல்கடைசியைக் கண்ணால் பார்த்து வைக்க முடியாது, அங்கே கிராங்க் பத்து டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் 0.2-கூட நகராது. டயலைப் பிஸ்டன் மேல் வைத்து, உச்சிக்கு முன்னால் 1 மி.மீ-ல் ஃப்ளைவீலில் ஒரு கோடு, பின்னால் 1 மி.மீ-ல் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் உச்சி.

சின்னப்பட்டறை எழுதியது:

அருமை அண்ணா. போர் 20.20 எடுத்து, வார்ப்பிரும்புப் பிஸ்டனும் ரிங்கும் போடுகிறேன். கீழ் மூடி நாளைக்கு. ஒரே ஒரு கேள்வி: கிளாண்ட் பேக்கிங்குக்கு என்ன போடுவது? நீராவியில் ஓட்டும்போது எந்த எண்ணெய்?

பழைய_டர்னர் எழுதியது:

கிராஃபைட் நூல். கிடைக்கவில்லை என்றால் பிளம்பர் கடையில் விற்கும் டெஃப்லான் டேப்பை நூலாக முறுக்கி மூன்று சுற்று. கிளாண்ட் நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பேனர் வேண்டாம். ராடு மேல் ஒரு சொட்டு ஈரம் தெரிவது தப்பில்லை.

காற்றில் ஓட்டி ரிங் உட்காரும் வரை மெல்லிய எண்ணெய், 32 கிரேடு போதும், 3 பாருக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள், கறுப்பாக வரும். நீராவிக்குப் போகும்போது 460 கிரேடு சிலிண்டர் ஆயில், ஸ்டீம் குழாயில் டிஸ்ப்ளேஸ்மென்ட் லூப்ரிகேட்டர் (நீராவி தண்ணீராகி எண்ணெயை வெளியே தள்ளும் சிறு பாத்திரம்) வைத்து. மோட்டார் என்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள், ஈர நீராவியில் மோர் மாதிரி கலங்கிக் கழுவிப் போய்விடும், சிலிண்டர் வறண்டுவிடும்.

ஓட்டி முடித்ததும் சிலிண்டர் சூடாக இருக்கும்போதே டிரெயின் காக்கைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டுக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி வையுங்கள். வார்ப்பிரும்பு போர் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். பாய்லர் வாங்குவதாக இருந்தாலும் செய்வதாக இருந்தாலும், நெருப்பு வைப்பதற்கு முன்னால் தண்ணீர் நிரப்பி வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் கைப்பம்பில் சோதிக்கணும். காற்றால் சோதிக்கவே கூடாது. அதற்குத் தனித் திரி தொடங்குங்கள், பாய்லர் பிளேட் தடிமனோடு வாருங்கள்.